பழுதற்ற ஐந்நூறு நாட்கள்

அந்தத் தொழிற்சாலையில் எதுவும் பழுதாவதில்லை. நுழைவாயிலில் காவலாளியின் கூண்டுக்கு மேலே, லொறிக் கதவு அளவான பலகையில் அப்படித்தான் மூன்று மொழிகளில் எழுதியிருந்தது: 'கடைசிப் பழுதிலிருந்து இன்றுவரை 461 நாட்கள்.' இலக்கங்கள் மின்விளக்கில் எரிய வேண்டும். அவை எரியாமல் போய் ஏழு மாதமாகிறது. விளக்கு பழுது என்று எழுதினால் பலகை தன்னைத்தானே பூச்சியமாக்கிக்கொள்ள வேண்டிவரும் என்பதால் யாரும் எழுதவில்லை. காவலாளி தினமும் காலையில் ஏணி வைத்து ஏறி, அட்டையில் வெட்டிய இலக்கத்தை ஒட்டிவிட்டு இறங்குவார்.

சுபாஜினி அந்த ஏணியைச் சுற்றிக்கொண்டு இரண்டு வருடமாக உள்ளே போகிறாள். பராமரிப்புப் பிரிவில் பயிலுநர். ஹந்தானை மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, குண்டசாலையைத் தாண்டி வந்து இறங்க வேண்டும். ரன்தம்பிலி மோட்டர்ஸ் என்பது நிறுவனத்தின் பெயர். வெளிநாட்டிலிருந்து பெட்டிகளில் வரும் துண்டுகளைப் பூட்டி, தம்பிலி, அதாவது செவ்விளநீர், நிறத்தில் சின்னக் கார்களாக வெளியே தள்ளுவது அதன் தொழில்.

காலை ஏழரைக்கு எல்லோரும் தரையிலுள்ள மஞ்சள் கோட்டில் நின்று, நெஞ்சில் கைவைத்து ஐந்து சத்தியங்கள் சொல்ல வேண்டும். முதலாவது, நான் இயந்திரத்தை நேசிக்கிறேன். நாலாவது, ஓடும் இயந்திரத்தைத் தொடமாட்டேன். ஐந்தாவது, புன்னகையுடன் வீடு செல்வேன். சத்தியம் முடிந்து கையை இறக்கும் முன்னரே எங்காவது ஓர் இயந்திரம் நின்றுவிடும். சுபாஜினி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடுவாள்.

நின்றதை எழுதுவதற்கு ஒரு புத்தகம் இருந்தது. அதன் பெயர் 'இயந்திர சுக அறிக்கை'. அதில் பழுது என்று எழுத இடமில்லை. கார்களை நகர்த்தும் சங்கிலி இரண்டு மணித்தியாலம் நின்றபோது, பூட்டுநர்கள் எல்லோரும் சும்மா நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றைய அறிக்கையில் 'குழுக் கலந்துரையாடல்' என்று பதிவாகியது. காற்றழுத்தி வெடித்துப் புகை கக்கியபோது 'இயந்திரம் அவதானிப்பில்' என்று பதிவாகியது. இதையெல்லாம் எழுதுகிறவர் மூக்கையா. பொருத்துநர், ஐம்பது வயது, பிரிவில் மிக அழகான கையெழுத்து அவருடையது.

"அண்ணே, மோட்டரு எரிஞ்சு போச்சு. அத என்னான்னு எழுதுவீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சூடா இருந்துச்சா?"

"கைய வைக்க முடியல்ல."

"அப்ப 'இயந்திரம் உற்சாகமாகக் காணப்பட்டது'ன்னு போடுறேன். நீ போயி வேற மோட்டர மாத்து."

தோட்டத்தில் வெயில் காய்கிற நாளிலும் கொழுந்து நிறுக்கும்போது ஈரம் என்று இரண்டு கிலோ கழிப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவள் சுபாஜினி. இல்லாததை இருக்கிறது என்று எழுதுவது அவளுக்குப் பழக்கம். இருப்பதை இல்லை என்று எழுதுவதைத்தான் இங்கே வந்து படித்தாள்.

461ஆம் நாள் தொழிற்பயிற்சிக் கந்தோரிலிருந்து மேற்பார்வை உத்தியோகத்தர் வந்தார். இளங்கோ என்று பெயர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகிக் கண்டிக்கு வந்தவர். சுபாஜினியின் பயிலுநர் பதிவேட்டை விரல் நுனியால் புரட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"பிள்ளை, முப்பத்தேழாம் பக்கம் வெறுமையாக் கிடக்கு."

"அது என்னா பக்கம் சேர்?"

"'பழுதொன்றைக் கண்டறிந்து, திருத்தி, மீள இயக்குதல்.' ஒண்டு இருந்தாலே காணும். உம்மட்ட ஒண்டும் இல்லை."

"நேத்து மட்டும் மூணு செஞ்சேன் சேர்."

"செய்ததை நான் கேக்கேல்லை. இயந்திரத்தின்ர இலக்கம், நடந்த நேரம், காரணம், திருத்தின விதம், எடுத்த நேரம், முகாமையாளரின்ர ஒப்பம். இந்த ஆறும் வேணும்." அவர் பதிவேட்டை மூடினார். "வாற மாசம் முப்பதாந் திகதி கடைசி. அதுக்குள்ள இல்லையெண்டால் சான்றிதழ் இல்லை. திரும்ப முதலாம் வருசத்திலயிருந்து செய்ய வேணும்."

அவர் போன பிறகு சுபாஜினியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கடுகண்ணாவையில் பால் பதனிடும் ஆலையொன்றில் சான்றிதழோடு வந்தால் அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அதே மாதக் கடைசியில் அம்மா வடிவம்மாவுக்குத் தோட்டத்தில் சேவைக்காலம் முடிகிறது. வீட்டிலிருந்து ஓர் ஆள் தோட்ட வேலைக்குப் பெயர் கொடுத்தால்தான் லயத்து அறை கையில் நிற்கும். சுபாஜினிக்குக் கடுகண்ணாவை வேலை கிடைத்தால் அங்கேயே வாடகைக்கு ஓர் அறை பார்த்து அம்மாவைக் கூட்டிப் போகலாம். கிடைக்காவிட்டால் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேற வேண்டியதுதான். தோட்டத்துக் கந்தோரில் ஏற்கெனவே இரண்டு முறை கேட்டுவிட்டார்கள், மகளின் பெயரை எழுதவா என்று.

அடுத்த நாளே பதிவேட்டோடு முகாமையாளரின் அறைக்குப் போனாள். மோகனராஜ் கண்டி நகரத்து வியாபாரக் குடும்பத்து ஆள். அறையின் அலுமாரி முழுக்கக் கேடயங்கள். அவர் முப்பத்தேழாம் பக்கத்தை வாசித்தார். பிறகு அவளைப் பார்த்தார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"சுபாஜினி, நான் இருவது வருசமா பராமரிப்புல இருக்கேன். இந்தக் கையப் பாரு. ஒரு சொட்டு எண்ணெய் பட்டிருக்கா? இதுதான் சாதனை. பழுதத் திருத்துறவன் வெறும் மெக்கானிக். பழுதே வராமப் பாத்துக்கிறவன்தான் முகாமையாளர்."

"சரி சேர். ஆனா நேத்து அந்தச் சங்கிலி..."

"462 நாளா பழுதே இல்லாத இடத்துல, நீ பழுது திருத்தினன்னு நான் எப்படிம்மா எழுதிக் குடுக்கிறது? அது பொய் இல்லியா? என்னைப் பொய்க் கையெழுத்துப் போடச் சொல்றியா?"

அவளுக்கு இரண்டு வருடமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது தான்தானோ என்று ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. கையை முகர்ந்து பார்த்தாள். கிறீஸ் மணத்தது.

மோகனராஜ் இரக்கமில்லாதவர் அல்லர். யோசித்து ஒரு வழி சொன்னார். ஒரு பழுதுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். அனுமதி பெற்று நடக்கும் பழுது பழுதல்ல, அது நிகழ்ச்சி. பலகையைப் பாதிக்காது.

விண்ணப்பம் ஏழு பிரிவுகளைச் சுற்றியது. பாதுகாப்புப் பிரிவு, பழுது எந்தத் திசையில் நடக்கும் என்று வரைபடம் கேட்டது. களஞ்சியம், பழுதாகப் போகும் பாகத்தின் மாதிரி ஒன்றைக் கேட்டது. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு, நடக்கவிருக்கும் பழுது நிறுவனத்தின் தரத்துக்கு ஏற்றதாக இருக்குமா என்று விளக்கம் கேட்டது. 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் கோப்போடு நடந்தே போனது. பன்னிரண்டாம் நாள் அனுமதி வந்தது. பட்டறையின் மூலையிலுள்ள துளையிடும் இயந்திரத்தைப் பழுதாக்கலாம்.

மூக்கையா அனுமதிக் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்தார். "புள்ள, அது செத்து நாலு வருசமாச்சு. மோட்டருக்குள்ள எலி குட்டி போட்டுருச்சு."

"புத்தகத்துல ஓடுதுன்னு இருக்கே."

"புத்தகத்துல எலியும் இல்லதான்."

ஓடாத இயந்திரத்தைப் பழுதாக்க முடியாது. பழுதாக்க வேண்டுமென்றால் முதலில் அது ஓட வேண்டும். ஆகவே சுபாஜினி அதைத் திருத்தத் தொடங்கினாள். ஒன்பது மதிய நேரம் பிடித்தது. எலிக்கூட்டை அள்ளி வெளியே போட்டாள். மோட்டரில் செப்புக் கம்பி புதிதாகச் சுற்றினாள். துருப்பிடித்த தண்டை எண்ணெய்த் துணியால் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கினாள். பத்தாம் நாள் பொத்தானை அமுக்கினாள். இயந்திரம் ஒருமுறை செருமிவிட்டுச் சுழன்றது. இரண்டு வருடத்தில் அவள் திருத்திய மிகப் பெரிய பழுது அதுதான். அதை எங்கும் எழுத முடியாது.

சத்தம் கேட்டு மோகனராஜ் வந்தார். சுழலும் இயந்திரத்தைக் கைகட்டி நின்று பார்த்தார். கண் கலங்கியது.

"பாத்தியா? நாலு வருசமா ஒரு பழுதும் இல்லாம ஓடுது."

மறுநாள் நாலு பேர் வந்து அதைத் தூக்கிப் போய் வரவேற்பறையில் வைத்தார்கள். சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டி, 'நம்பிக்கையின் சின்னம்' என்று பித்தளைத் தகடு அடித்தார்கள். சுபாஜினியின் அனுமதி இரத்தானது. சின்னங்களைப் பழுதாக்குவது நிறுவன ஒழுங்குக்கு விரோதம் என்று காரணம் எழுதியிருந்தது.

பலகையில் இலக்கம் 490ஐத் தாண்டியது. அவள் பஸ்ஸில் இருக்கை கிடைத்தாலும் நின்றுகொண்டே போனாள். வீட்டில் அம்மா ஏதாவது கேட்டால் எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விடுவாள்.

ஐந்நூறாவது நாளைக் கொண்டாட நிறுவனம் தீர்மானித்தது. கொழும்பிலிருந்து அமைச்சொன்றின் செயலாளர் பிரதம அதிதி. சுபநேரம் காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். அந்த நேரத்தில் செயலாளர் புதிய கார் ஒன்றினுள் அமர்ந்திருக்க, ஹொயிஸ்ட் இலக்கம் இரண்டு காரோடு அவரை மேலே உயர்த்த வேண்டும். ஹொயிஸ்ட் என்பது இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே காரை ஆளுயரத்துக்கு மேல் தூக்கி நிறுத்தும் இயந்திரம், கீழே நின்று வேலை செய்வதற்காக. காருக்குள் ஆள் இருக்கும்போது தூக்கக் கூடாது என்று தூணிலேயே எழுதியிருந்தது. பாதுகாப்புப் பிரிவு அதைப் பரிசீலித்து, அங்கே தடைசெய்யப்பட்டிருப்பது தொழிலாளர் மட்டுமே, பிரதம அதிதிகள் அல்லர் என்று தெளிவுபடுத்தியது.

அன்று காலை தூண்கள் இரண்டையும் உச்சிவரை குருத்தோலையால் அலங்கரித்தார்கள். "உச்சியில கட்டாதீங்க, அங்க சுவிட்ச்சு இருக்கு" என்றார் மூக்கையா. அலங்காரக் குழுவின் தலைவர் கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர். சுவிட்ச்சுக்கும் சேர்த்துக் கட்டினார்.

பத்து பன்னிரண்டுக்கு மேளம் முழங்கியது. செயலாளர் காரின் முன் இருக்கையில் அமர்ந்தார். கொஞ்சம் பருமனான மனிதர். ஹொயிஸ்ட் மெல்ல உயர்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவர் மேலே இருந்தபடி ஹோர்ன் அடித்தார். மறுபடி கை தட்டினார்கள். பிறகு மோகனராஜ் தலையசைக்க, ஹொயிஸ்ட்டை இயக்குபவர் இறக்கும் பொத்தானை அமுக்கினார்.

ஹொயிஸ்ட் அசையவில்லை. மறுபடி அமுக்கினார். ஏற்றும் பொத்தானையும் அமுக்கிப் பார்த்தார். மேளகாரர்கள் நிகழ்ச்சி முடியவில்லை என்று நினைத்து இன்னொருமுறை தொடங்கினார்கள்.

மோகனராஜ் மைக்கைப் பிடித்தார். "எமது பிரதம அதிதி அவர்கள் உயரத்திலிருந்து எமது தொழிற்சாலையைப் பார்வையிடுகின்றார்கள்," என்று அறிவித்தார். "தொலைநோக்கு உடையவர்கள் உயரத்திலிருந்துதான் பார்ப்பார்கள்."

சுபநேரம் கடந்தது. கதிரைகளைக் காரின் பக்கமாகத் திருப்பிப் போட்டார்கள். உரைகள் மேல்நோக்கி நிகழ்த்தப்பட்டன. பாதுகாப்பு உத்தியோகத்தர் அண்ணாந்து பார்த்து, இங்கே யாரும் எந்த ஆபத்திலும் சிக்கியதில்லை என்று இருபது நிமிடம் பேசினார். தரக் கட்டுப்பாட்டு உத்தியோகத்தர், எமது பொருட்கள் ஒருமுறை உயர்ந்தால் தாழ்வதில்லை என்றார். செயலாளர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஏணி வைத்துத் தட்டில் பாற்சோறு அனுப்பினார்கள். அதற்கு முன் குடிக்க இரண்டு தம்பிலி அனுப்பியிருந்தார்கள். அது பிழை என்று அரை மணித்தியாலம் கழிந்துதான் தெரிந்தது.

கதவைத் திறந்து ஏணியில் இறங்கலாமே என்றால், கதவு அந்த உயரத்தில் தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சட்டத்தில் இடித்து ஒரு சாண்தான் திறந்தது. மூன்று சாணாவது திறந்தால்தான் செயலாளர் வெளியே வரலாம்.

மோகனராஜ் மைக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சுபாஜினியிடம் வந்தார். மூக்கையா பக்கத்தில் நின்றார்.

"சுபாஜினி, போய் அதக் கொஞ்சம் பாரு."

"எத சேர்?"

"ஹொயிஸ்ட்ட."

"ஹொயிஸ்ட்டுக்கு என்னா சேர்?"

"ஒன்னும் இல்ல. சும்மா பாரு."

"ஒன்னும் இல்லன்னா அது ஓடுற மெஷின். ஓடுற மெஷினத் தொடக் கூடாது. நாலாவது சத்தியம்."

"அது இப்ப ஓடல்லியே."

"அப்ப பழுதா சேர்?"

மோகனராஜ் சுற்றிலும் பார்த்தார். "மெதுவாப் பேசு. அது ஓடவும் இல்ல, பழுதும் இல்ல. அது... நிக்குது."

"நிக்கிறத என்னா செய்யணும்னு சத்தியத்துல இல்லியே சேர்," என்றார் மூக்கையா, மிகவும் பணிவாக.

அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். தூணின் உச்சியில், கார் அளவுக்கு மீறி உயராமல் தடுக்கும் சுவிட்ச்சில், கார் உயர்ந்தபோது இழுபட்ட குருத்தோலைத் தும்பு ஒன்று இறுகிக் கிடந்தது. அது சுவிட்ச்சை அமுக்கிப் பிடித்திருக்கும்வரை மோட்டருக்கு மின்சாரம் போகாது. மோட்டர் இரண்டு அங்குலமாவது மேலே தூக்கினால்தான் தாங்கிப் பிடித்திருக்கும் கொளுவி விடுபட்டுக் கார் கீழே இறங்கும். ஐந்து நிமிட வேலை. இருபத்து மூன்றாந் திகதி அன்று. இன்னும் ஏழு நாள். இனி இப்படியொரு பழுது, முந்நூறு பேர் பார்க்க நடக்கும் பழுது, அவளுக்கு வாய்க்கப் போவதில்லை.

"எழுதித் தாங்க சேர். முப்பத்தேழாம் பக்கம். இப்பவே தொட்டுர்றேன்."

"எறக்கு. பின்னேரம் புத்தகத்த எடுத்துக்கிட்டு ரூமுக்கு வா. போடுறேன்."

"இப்பவே போடுங்க."

"மைக் கையில இருக்கு. பேனா இல்ல."

"எங்கிட்ட இருக்கு."

அப்போது மேலிருந்து செயலாளர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். மைக் இல்லாத குரல். தனக்குச் சீனி வியாதி என்றும், இனித் தாங்காது என்றும் சொன்னார். சபையில் பாதிப் பேர் கேளாதது போல் இருந்தார்கள். மற்றப் பாதி கை தட்டியது.

சுபாஜினி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். கொழுந்து மலையில் கக்கூஸ் கிடையாது. காலையில் மலையேறிய பொம்பளைகள் அந்தி நிறுவை முடியும்வரை அடக்கிக்கொண்டு நிற்கும் முகம் அது. அம்மா முப்பத்தைந்து வருடம் வைத்திருந்த முகம்.

பதிவேட்டை மூக்கையாவின் கையில் திணித்துவிட்டு ஏணியை இழுத்தாள். மேலே ஏறிச் சாவணக் குறட்டால் தும்பைப் பிடுங்கினாள். சுவிட்ச் 'டக்' என்று விட்டது. இறங்கி வந்து ஏற்றும் பொத்தானை அமுக்கி இரண்டு அங்குலம் தூக்கினாள், கொளுவியின் கம்பியை இழுத்துப் பிடித்தாள், இறக்கினாள். நான்கு நிமிடம். செயலாளர் கீழே வந்ததும் ஒருவருக்கும் கைகொடுக்காமல் ஓடினார். மேளகாரர்கள் அவர் பின்னால் கொஞ்ச தூரம் போனார்கள்.

பின்னேரம் அவள் பதிவேட்டோடு அறைக்குப் போனாள்.

"எந்தப் பழுது?" என்று கேட்டார் மோகனராஜ்.

அவர் நடிக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மறுநாள் காலை காவலாளி ஏணியில் ஏறி 501 ஒட்டினார்.

ஆனால் செயலாளர் கொழும்புக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை. தலைமையகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. யாருக்காவது தண்டனை கொடுத்தே ஆக வேண்டும். பழுதுக்குத் தண்டனை கொடுக்க முடியாது, அது நடக்கவே இல்லை. அலங்காரக் குழுவுக்குக் கொடுக்க முடியாது, அதற்கு ஏற்கெனவே சிறந்த அலங்காரத்துக்கான பரிசு கொடுத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஏணியில் ஏறியவள்.

இருபத்தொன்பதாந் திகதி நுஸ்ஹா அவளைக் கூப்பிட்டாள். மனிதவளப் பிரிவில் எழுதுநர், கலகெதரப் பெண். இரண்டு பேரும் மதியத்தில் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள்; முப்பத்தேழாம் பக்கத்தைப் பற்றி நுஸ்ஹாவுக்கும் தெரியும்.

"இரி புள்ள. நின்டுக்கிட்டு வாசிக்காத," என்று ஓர் உறையை நீட்டினாள். "ஒன்ன நிப்பாட்டிட்டாங்க. இன்டையோட."

சுபாஜினி உட்காரவில்லை. "நாளைக்குத்தானே பயிற்சி முடியுது. ஒரு நாளைக்காகவா?"

"மோகனராஜ் சேர் 'ஒழுங்கீனம்'னு ஒரே ஒரு சொல்லு போட்டா போதும்னாரு. நான் சொன்னேன், சேர், அப்பிடி மொட்டையா எழுதினா நாளைக்கு லேபர் கந்தோருல நிக்காது, குத்தம் என்னான்னு விவரமா இருக்கணும்னு. பொறகு அவரே சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணினேன். ரெண்டு தரம் வாசிச்சுப் பாத்துத்தான் ஒப்பம் போட்டாரு." நுஸ்ஹா கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "கவனமா வெச்சிக்க. மடிக்காத."

சுபாஜினி மடித்துப் பையில் திணித்துக்கொண்டு வெளியேறினாள். கண்டி டவுனில் இறங்கி, எந்த பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல் மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்தாள். வீட்டுக்குப் போனால் நாளைக்கு அம்மா பெயர் கொடுத்துவிடுவாள். குட்ஷெட் பஸ் நிலையத்தில், புறப்படாமல் நின்ற பஸ் ஒன்றில் ஏறி உட்கார்ந்து கடிதத்தை முதல்முறையாக வாசித்தாள்.

'இம்மாதம் 23ஆம் திகதி மு.ப. 10.12 மணிக்கு ஹொயிஸ்ட் இலக்கம் 2இல் ஏற்பட்ட பழுதுக்கு, மேல் எல்லைச் சுவிட்ச்சில் குருத்தோலை சிக்கியமையே காரணமெனத் தாமாகவே கண்டறிந்து, எவருடைய அனுமதியோ உதவியோ இன்றி, சாவணத்தைப் பயன்படுத்தி அதனை அகற்றி, நான்கு நிமிடங்களில் இயந்திரத்தை மீள இயக்கி, அதன் மூலம் அப்பழுது நிகழ்ந்ததாகப் பலரும் கருத இடமளித்த குற்றத்துக்காக...'

கீழே மோகனராஜின் ஒப்பம். அதற்குக் கீழே அவருடைய பதவி முத்திரை. மை இன்னும் பளபளத்தது.

பஸ் புறப்படத் தொடங்கியது. அவள் நடத்துநரைத் தள்ளிக்கொண்டு குதித்தாள்.

தொழிற்பயிற்சிக் கந்தோரில் இளங்கோ வீட்டுக்குப் போகக் குடையை எடுத்துவிட்டிருந்தார். கடிதத்தை மூக்குக் கண்ணாடி போட்டு ஒருதரம் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"இது தண்டனைக் கடிதமெல்லே."

"ஆமா சேர்."

"உம்மை வேலையால நிப்பாட்டிப் போட்டினம்."

"ஆமா சேர். ஆனா ஆறும் இருக்கு. எண்ணிப் பாருங்க."

அவர் முப்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தார். பேனாவால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டார். இலக்கம். நேரம். காரணம். விதம். நான்கு நிமிடம். ஒப்பம். பிறகு பக்கத்தின் அடியிலுள்ள பொடி எழுத்து விதிகளைக் கடைசிவரை வாசித்தார்.

"முகாமையாளர் ஒப்பமிட்ட ஆவணம் இணைக்கப்பட வேணும் எண்டுதான் கிடக்கு," என்றார் மெல்ல. "சந்தோசமா ஒப்பமிட்டவரோ எண்டு கேக்கேல்லை."

குடையை மறுபடி சுவரில் மாட்டினார். கடிதத்தைப் பக்கத்தோடு வைத்துக் கிளிப் அடித்தார். கடைசியாக ஒரு கட்டம் இருந்தது: 'பிறருடைய உதவியின்றி இயங்கும் திறன், பத்துப் புள்ளிகள்.' அவர் வழக்கமாக ஆறு போடுகிறவர். கடிதத்தில் 'எவருடைய அனுமதியோ உதவியோ இன்றி' என்ற வரிக்குக் கீழே கோடிழுத்துவிட்டுப் பத்துப் போட்டார்.

"நாளைக்குக் காலமை வந்து சான்றிதழை எடும். இண்டைக்கே பதிஞ்சு விடுறன்."

வெளியே மழை தூறியது. சுபாஜினி ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அம்மா, நாளைக்குத் தோட்டத்துக் கந்தோருல எம் பேரக் குடுத்துறாதீங்க."

"ஏன், கார்க் கம்பெனியில நெரந்தரமாக்கிட்டாங்களா?"

"இல்ல. வெரட்டிட்டாங்க. சேட்டிபிக்கட் கெடச்சிருச்சு."



"வெரட்டினதுக்கா சேட்டிபிக்கட் குடுக்கிறாங்க?" என்று கேட்டாள் வடிவம்மா.

"ஆமாம்மா," என்றாள் சுபாஜினி. "கையெழுத்தோட."